கோல் காப்பாளரை நம்பிக் காசு கட்டலாமா?

திருகோணமலையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

2023 மே தினத்தன்று, இங்கே பொழுது விடிந்த வேளையில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு கணக்கு பிழைத்துப்போனது. அங்கே அப்போது ஏப்ரல் 30 ஞாயிற்றுக்கிழமை இரவு. என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் பிளேஓஃப் முதற் சுற்று. பொஸ்டன் புரூயின்ஸுக்கும் புளோரிடா பந்தர்ஸுக்கும் இடையே ஏழாவது ஆட்டம். அந்தப் பருவத்தில் பொஸ்டன் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் எடுத்திருந்தது. லீக்கின் வரலாற்றில் வேறெந்த அணியும் எட்டாத கணக்கு அது. புளோரிடாவோ 92 புள்ளிகளுடன், கிழக்குப் பிரிவின் கடைசிப் பிளேஓஃப் இடத்தைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு வந்த அணி.

பொஸ்டனின் கோல் காப்பாளர் லீனஸ் உல்மார்க். அவரை நோக்கி அடிக்கப்பட்டவற்றில் ஆயிரம் அடிகளுக்கு 938 என்ற கணக்கில் தடுத்தவர். அந்த வருடத்தின் சிறந்த கோல் காப்பாளருக்கான வெசினா விருதும் அவருக்கே போனது. புள்ளிவிவரம் பார்த்துப் பணம் கட்டுகிறவர் எவராக இருந்தாலும் பொஸ்டன் பக்கம்தான் நின்றிருப்பார். தொடரில் 3-1 என்று பொஸ்டன் முன்னிலை பெற்றபோது சந்தேகப்பட ஒன்றுமே இருக்கவில்லை. பிறகு புளோரிடா அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வென்றது. ஏழாவதில் ஒரு நிமிடம் மீதமிருக்க சமன் செய்து, மேலதிக நேரத்தில் 4-3 என முடித்துவிட்டது. இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் கடைசி ஆட்டத்தில் உல்மார்க் ஆடவே இல்லை. பயிற்றுநர் அவரை உட்காரவைத்துவிட்டு ஜெரமி ஸ்வேமனை இறக்கியிருந்தார். எந்த எண்ணை நம்பிப் பலர் பணம் வைத்தார்களோ, அந்த எண்ணுக்குரிய மனிதர் வாங்கிலில் இருந்தார்.

பனிக்கட்டியில் ஆடும் ஆட்டத்துக்கும் வெயில் காயும் துறைமுக நகரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஹொக்கி என்றால் இந்த ஊரில் தரையில் ஆடுவதுதான். கடற்படை அணிகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். ஊரின் சொந்த ஆட்டம் உதைபந்தாட்டம். ஏகாம்பரம் மைதானமும் மக்கெய்சர் விளையாட்டரங்கும் அதற்குச் சாட்சி. ஆனால் திருகோணமலையில் வீதிக்கு ஒரு குடும்பத்துக்காவது ரொறன்ரோவில் ஆள் இருக்கிறது. அங்கே ஸ்கார்பரோவில் பிறந்த பிள்ளைகளுக்கு ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணிதான் குலதெய்வம். அந்த அணி என்.எச்.எல்.லின் ஸ்டான்லிக் கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967இல். ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் நம்பிக்கை புதிதாகத் துளிர்க்கிறது, மே மாதத்தில் கருகுகிறது. அந்தத் துளிர்ப்பும் கருகலும் வட்ஸ்அப் வழியாக உவர்மலைக்கும் பாலையூற்றுக்கும் திருக்கடலூருக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன.

கூடவே பந்தயமும் வருகிறது. கனடாவில் நெடுங்காலம் ஒற்றை ஆட்டத்துக்குப் பணம் கட்ட அனுமதி இருக்கவில்லை. பல ஆட்டங்களைச் சேர்த்துத்தான் கட்டவேண்டியிருந்தது. 2021 ஓகஸ்ட் 27இல் அந்தத் தடை நீங்கியது. 2022 ஏப்ரல் 4இல் ஒன்ராறியோ மாகாணம் தனியார் நிறுவனங்களுக்கு இணையச் சந்தையைத் திறந்துவிட்டது. அதன்பின் ஹொக்கி ஒளிபரப்பில் ஆட்டம் பாதி, பந்தய விளம்பரம் பாதி என்றாகியது. ஹொக்கி நட்சத்திரங்களான வெய்ன் கிரெட்ஸ்கியும் கொனர் மக்டேவிட்டும் ஒரு பந்தய நிறுவனத்தின் விளம்பரத்தில் சேர்ந்து தோன்றினார்கள். பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று கூச்சல் எழ, 2024 பெப்ரவரி இறுதியிலிருந்து விளையாட்டு வீரர்களை அத்தகைய விளம்பரங்களில் காட்டுவதை மாகாணம் தடுத்தது. விளம்பரம் குறைந்ததே தவிர ஆசை குறையவில்லை.

ரொறன்ரோவில் இரவு ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே விடியற்காலை நாலரை. பிளேஓஃப் நடக்கும் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஜூன் வரை கிழக்குக் கடல் அடங்கியிருக்கும் காலம். இரவுத் தொழிலுக்குப் போன வள்ளங்கள் கரைக்குத் திரும்பும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஒரு தேநீர்க் கடையில்தான் அந்தத் தம்பியைச் சந்தித்தேன். ஓட்டோ ஓடுகிறார். பெயர் போடவேண்டாம் என்றார், போடவில்லை. கையில் தொலைபேசி, மேசையில் ஒற்றைக்கோடு போட்ட பயிற்சிக் கொப்பி.

"அண்ணன், இந்த கீப்பர்ட நம்பரைப் பாருங்கோ. 926. மற்றவர் 905. இதுக்கு மேல என்ன வேணும்?"

கொப்பியில் பத்திகள் ஒழுங்காகக் கோடு போடப்பட்டிருந்தன. அணி, சொந்த மைதானமா இல்லையா, கடைசி ஐந்து ஆட்டங்கள், கோல் காப்பாளரின் தடுப்பு வீதம், ஓர் ஆட்டத்துக்கு விடும் கோல், கட்டிய தொகை, வந்த தொகை. கடைசிப் பத்தியில் மட்டும் இடைவெளிகள் நிறைய. ஸ்கார்பரோவில் இருக்கும் மச்சான் ஆட்டத்துக்கு முன் எண்களை அனுப்புவாராம். தம்பி அதைக் கொப்பியில் ஏற்றி, வெளிநாட்டுத் தளமொன்றில் ஒரு முகவர் மூலம் காசு போட்டுக் கட்டுகிறார். அவர் செய்வதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். படித்தவர்கள் பலர் கட்டுவதைவிட அக்கறையாகவே கட்டுகிறார். அதனால்தான் அவருடைய கணக்கை அக்கறையாகவே பார்ப்போம்.

தடுப்பு வீதம் என்பது எளிய எண். கோலை நோக்கி வந்த அடிகளில் எத்தனையைக் காப்பாளர் தடுத்தார் என்பதுதான். ஓர் ஆட்டத்தில் ஒரு காப்பாளருக்கு ஏறத்தாழ 30 அடிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.926 என்றால் 2.2 கோல் விடுவார். 0.905 என்றால் 2.85. வித்தியாசம் ஓர் ஆட்டத்துக்கு அரைக் கோலுக்குச் சற்று மேல். ஒரு கோலில் வெற்றி தோல்வி தீரும் ஆட்டத்தில் இது பெரிய விஷயம். தம்பி சொல்வது சரி.

ஆனால் அந்த 0.926 எவ்வளவு உறுதியானது? பருவம் முழுவதும் ஒரு காப்பாளர் 900 அடிகளை எதிர்கொண்டார் என்றால், வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும் அந்த எண் 0.010 அளவுக்கு மேலோ கீழோ போகலாம். நாணயத்தை நூறு தடவை சுண்டினால் சரியாக ஐம்பது தலை விழாது அல்லவா, அதே கணக்குத்தான். அப்படியானால் 0.926 என்று எழுதப்பட்டவர் உள்ளபடி 0.916 ஆக இருக்கலாம், 0.905 என்று எழுதப்பட்டவர் 0.915 ஆக இருக்கலாம். கொப்பியில் மலைபோலத் தெரிந்த வித்தியாசம் கரைந்து ஒன்றுமில்லாமல் போகலாம்.

பிளேஓஃபில் நிலைமை இன்னும் மோசம். ஒரு தொடர் ஏழு ஆட்டம் வரை போனாலும் ஒரு காப்பாளர் பார்க்கப்போவது 210 அடிகள்தான். உண்மையில் 0.910 திறமையுள்ள ஒருவர் அதில் 19 கோல் விடவேண்டும். ஆனால் மூன்றில் இரண்டு தடவை அது 15க்கும் 23க்கும் இடையில் எங்கும் விழும். மூன்றாவது தடவை அதற்கும் வெளியே. 15 கோல் விட்டால் பத்திரிகைகள் அவரை மதில் என்று எழுதும். 23 விட்டால் ஓட்டை வாளி என்று எழுதும். மனிதர் ஒருவர்தான், திறமையும் ஒன்றுதான். ஒரே ஒரு இரவு வலையில் பட்ட மீனை வைத்து இந்தக் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டார். கொப்பியின் 'கடைசி ஐந்து ஆட்டங்கள்' என்ற பத்தியோ அதைத்தான் சொல்லப்பார்க்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. பழைய எண்களும் புதிய எண்களும் ஒன்றல்ல. பத்து வருடங்களுக்கு முன் லீக்கின் சராசரித் தடுப்பு வீதமே 0.915 அளவில் இருந்தது. 2024-25 பருவத்தில் அது 0.900க்கு இறங்கிவிட்டது. ஆட்டம் வேகமாகிவிட்டது, அடிப்பவர்கள் நல்ல இடம் பார்த்து அடிக்கிறார்கள். 2012இல் லொஸ் ஏஞ்சல்ஸின் ஜொனதன் குயிக் பிளேஓஃபில் 0.946 எடுத்துக் கிண்ணம் வென்றதைச் சொல்லி, இன்றைக்கு ஒருவர் 0.905 என்றால் மட்டம் என்று முடிவுகட்ட முடியாது.

சரி, எண் உண்மை என்றே கொள்வோம். ஆளே வரவில்லையென்றால்?

2025 பிளேஓஃபில் மேப்பிள் லீஃப்ஸ் ஒட்டாவாவை ஆறு ஆட்டங்களில் வென்று, இரண்டாம் சுற்றில் புளோரிடாவைச் சந்தித்தது. லீஃப்ஸின் கோல் காப்பாளர் அன்ரனி ஸ்ரோலார்ஸ். அந்தப் பருவத்தில் அவருடைய எண் 0.926. லீக்கின் உச்சத்தில் நின்ற எண் அது. முதல் ஆட்டத்திலேயே எதிரணியின் சாம் பெனற் முழங்கையால் அவருடைய தலையில் இடிக்க, அவர் வெளியேறினார். மிச்சத் தொடரை ஜோசப் வோல்தான் தாங்கினார். மே 18ஆம் திகதி சொந்த அரங்கில் ஏழாவது ஆட்டத்தை 6-1 என்று பறிகொடுத்தார்கள். ஸ்ரோலார்ஸின் எண்ணை வைத்துத் தொடருக்கே பணம் கட்டியிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். காசு போனது போனதுதான். காயத்துக்கு எந்தத் தளமும் திருப்பித் தராது.

காயமில்லாத நாளிலும் யார் ஆடப்போகிறார் என்பதைப் பயிற்றுநர்கள் பொத்திவைப்பார்கள். இதற்கு அங்கே ஒரு துப்பு உண்டு. ஆட்டநாள் காலையில் நடக்கும் பயிற்சியில் எந்தக் காப்பாளர் முதலில் பனிக்கட்டியை விட்டு இறங்குகிறாரோ, அநேகமாக அன்றிரவு அவர்தான் ஆடுவார். அந்தக் கதவோரம் நிருபர்கள் காத்திருப்பார்கள். யார் இறங்கினார் என்று ஒரு வரி போட்ட சில நொடிகளில் பந்தய விலைகள் மாறிவிடும். ஸ்கார்பரோ மச்சான் அதைப் பார்த்து, செய்தி அனுப்பி, தம்பி அதைப் பார்த்துக் கட்டும் நேரத்தில் பழைய விலை எங்கே இருக்கப்போகிறது?

மற்ற எண்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கோர்சி என்று ஒன்று உண்டு. இலக்கில் பட்டது, வெளியே போனது, இடையில் மறிக்கப்பட்டது என எல்லா அடி முயற்சிகளையும் எண்ணுவது. ஜிம் கோர்சி என்ற கோல் காப்பாளர் பயிற்றுநரின் பெயர் அதற்கு. காப்பாளருக்கு எவ்வளவு வேலை என்று அளக்கத்தான் அவர் அதைப் பயன்படுத்தினார். பிறகு அது அணியின் ஆதிக்கத்துக்கு அளவுகோலாகிவிட்டது. அடி எங்கிருந்து எப்படி வந்தது என்று பார்த்து, இதற்கு எத்தனை கோல் விழுந்திருக்கவேண்டும் என்று மதிப்பிடும் முறையும் இருக்கிறது. காப்பாளர் விட்ட கோல்களை அந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் வெறும் தடுப்பு வீதத்தைவிட நல்ல விடை கிடைக்கும். இவை எல்லாம் உண்மையான அறிவு. ஆட்டத்தைப் பார்க்கும் கண்ணையே மாற்றக்கூடியவை. நானும் இவற்றைப் படித்த பிறகுதான் ஹொக்கியை ரசிக்கப் பழகினேன்.

ஆனாலும் ஹொக்கி, அறிவுக்குக் கட்டுப்படாத ஆட்டங்களில் ஒன்று. மைக்கேல் லோபஸ், கிரெகரி மத்யூஸ், பெஞ்சமின் போமர் என்ற மூன்று புள்ளியியலாளர்கள் அமெரிக்காவின் நான்கு பெரிய லீக்குகளையும் ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூடைப்பந்தாட்டத்தில் ஏழு ஆட்டத் தொடரில் திறமையான அணி ஏறத்தாழ 80 வீதம் வென்றுவிடுகிறது. ஹொக்கியில் அதே உறுதி வேண்டுமானால் ஏழு ஆட்டம் போதாது. 51 ஆட்டத் தொடர் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பக் எனப்படும் அந்த ரப்பர் வட்டு யாருடைய காலணியில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் கண்டது? 2019இல் 62 ஆட்டங்களை வென்ற ரம்பா பே அணி, அந்த வருடத்து வெசினா விருதுக்காரர் வசிலெவ்ஸ்கியைக் கோலில் நிறுத்திக்கொண்டு, முதற் சுற்றில் கொலம்பஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. 2010இல் 121 புள்ளி எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்த வொஷிங்ரனை எட்டாவது இடத்து மொன்றியல் வீழ்த்தியது. 3-1 எனப் பின்தங்கியிருந்த தொடரில் யாரோஸ்லாவ் ஹலாக் கடைசி மூன்று ஆட்டங்களில் 134 அடிகளில் 131ஐத் தடுத்தார். இப்படி ஒருவர் எப்போது எழும்புவார் என்று முன்கூட்டிச் சொல்லும் எண் இன்றுவரை எவரிடமும் இல்லை.

தம்பி விடவில்லை. "சரி அண்ணன், ஒரு ஆட்டம் ரெண்டு ஆட்டம் பிழைக்கும். நூறு ஆட்டம் கட்டினா அறிவு வெல்லத்தானே வேணும்?"

நல்ல கேள்வி. இங்கேதான் விலை என்ற சங்கதி வருகிறது. பந்தயத்தில் நாம் அணியை வாங்குவதில்லை, விலையை வாங்குகிறோம். இரண்டு சம பலமான அணிகள் என்று வைப்போம். நியாயமான விலை 2.00 ஆக இருக்கவேண்டும். அதாவது ஆயிரம் கட்டினால் வென்றவருக்கு இரண்டாயிரம். தளம் தருவதோ 1.91. நூறு தடவை ஆயிரம் ரூபாய் கட்டி ஐம்பது வெல்கிறீர்கள் என்றால் 45,500 ரூபாய் இலாபம் வரும், 50,000 ரூபாய் போகும். கையைக் கடித்தது 4,500. போட்ட காசுக்கு மோசமில்லாமல் வெளியே வரவே நூற்றுக்கு 52.4 தடவை வெல்லவேண்டும்.

அதோடு, 0.926ஐயும் காயத்தையும் சொந்த அரங்கையும் களைப்பையும் தம்பி மட்டுமா பார்க்கிறார்? விலை போடுகிறவர்களும் அதையே பார்க்கிறார்கள், இன்னும் கூடுதலாகவே பார்க்கிறார்கள். உல்மார்க்கின் எண் நல்லது என்பதால்தான் பொஸ்டனுக்கு விலை குறைவாக இருந்தது. ஊரே அறிந்த செய்திக்குச் சந்தையில் பெறுமதி இல்லை. நீங்கள் அறிந்தது சரியா என்பதை விட்டுவிடுங்கள். விலை போட்டவர் அறியாத எதையாவது நீங்கள் அறிவீர்களா என்பதே கேள்வி. பொஸ்டனில் காலைப் பயிற்சியின் கதவோரம் நிற்கும் நிருபருக்கு ஒரு நிமிடத்துக்கு அப்படி ஏதாவது தெரிந்திருக்கலாம். திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கும் நமக்கு?

இருந்தாலும் ஒருவர் கெட்டிக்காரர், நூற்றுக்கு 54 தடவை வெல்லக்கூடியவர் என்றே வையுங்கள். உலகத்தரம் அது. நூறு பந்தயத்தில் அவருக்குச் சராசரியாக வருவது 3,140 ரூபாய். ஆனால் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் மட்டும் மேலும் கீழுமாக 9,500 ரூபாய் அளவு இருக்கும். கெட்டிக்காரர் நட்டத்திலும் மொக்கர் இலாபத்திலும் முடிக்க நிறையவே இடமுண்டு. ஒரு பிளேஓஃபில் மொத்தம் 15 தொடர்கள். எல்லாமே ஏழு ஆட்டம் போனாலும் 105 ஆட்டங்கள்தான். அதாவது வருடம் முழுவதும் காத்திருந்து, ஓர் ஆட்டமும் விடாமல் கட்டினாலும், தனக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட ஒருவரால் கண்டுபிடிக்க முடியாது. தம்பியின் கொப்பி போன வருடம் இலாபம் காட்டியது என்றார். காட்டியிருக்கலாம். அது எதையும் நிரூபிக்கவில்லை.

இதில் ஆகக் கெட்டது 'சேர்த்துக் கட்டுவது'. நான்கு ஆட்டங்களைக் கோத்து, நான்கும் சரிவந்தால் பதின்மூன்று மடங்கு என்று தளம் ஆசை காட்டும். சம பலமான நான்கு ஆட்டங்களும் நாம் சொன்னபடி முடிய வாய்ப்பு பதினாறில் ஒன்று. நியாயமான விலை பதினாறு மடங்கு, தருவது 13.3. ஆயிரம் கட்டும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 168 ரூபாய் தளத்துக்கு. கொப்பியில் பாதிக்கு மேல் இந்த வகைதான் இருந்தது. ஐந்நூறு ரூபாய்க்கு ஆறாயிரம் வரும் என்றால் ஓட்டோ ஓடும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை.

எண்களை வைத்து உண்மையிலேயே வென்றவர்கள் உலகில் இருக்கிறார்கள். பில் பென்ரர் என்ற அமெரிக்கர் 1980களில் ஹொங்கொங் போய்க் குதிரைப் பந்தயத்துக்குக் கணினி மாதிரி எழுதிப் பெரும் பணம் பண்ணினார். அங்கே எல்லோருடைய காசும் ஒரு குளத்தில் விழும். கழிவு போக மிச்சத்தை வென்றவர்கள் பங்கிடுவார்கள். அவர் எதிர்த்து ஆடியது மற்றப் பந்தயக்காரர்களை. நிலையான விலை கொடுக்கும் தளங்களின் கதை வேறு. தொடர்ந்து வெல்பவர் என்று தெரிந்தால் அவர் கட்டக்கூடிய தொகையைச் சில நூறாகக் குறைத்துவிடுவார்கள், அல்லது கணக்கையே மூடுவார்கள். தோற்பவருக்குத்தான் கதவு அகலத் திறந்திருக்கும்.

நமக்கு இது புதிய நோய் அல்ல. கொழும்புக் குதிரைப் பந்தயத்தை 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசு நிறுத்தியது. குதிரை நின்றது, பந்தயம் நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இலங்கையில் பெட் பிடிக்கும் 'புக்கி' கடைகள் நாடெங்கும் வேர்விட்டன. அங்கே பிற்பகல் ஓட்டம், இங்கே மாலை. பார்த்தேயிராத குதிரையின் பழைய ஓட்டக் கணக்கைப் பத்திரிகையில் பார்த்துப் பென்சிலால் வட்டம் போட்ட தலைமுறை ஒன்று இருந்தது. குதிரையின் இடத்தில் இப்போது கோல் காப்பாளர், பென்சிலின் இடத்தில் தொடுதிரை. ஒரு வேறுபாடு மட்டும் முக்கியம். புக்கி கடைக்கு ஆள் நடந்து போகவேண்டும். நாலு பேர் பார்ப்பார்கள். கடை இரவில் மூடும். தொலைபேசி மூடுவதில்லை. 2023 மே மாதம் புளோரிடாவும் கரோலைனாவும் ஆடிய ஓர் ஆட்டம் நான்காவது மேலதிக நேரம் வரை போனது. பிளேஓஃபில் சமனை முடிக்கும் ஷூட்அவுட் கிடையாது, கோல் விழும்வரை ஆட்டம்தான். அது முடியும்போது இங்கே காலை பதினொரு மணி தாண்டிவிட்டது. அந்த நேரம் முழுவதும் அடுத்த கோல் யார் என்று விலை ஓடிக்கொண்டேயிருந்தது. ஓட்டோ மட்டும் ஓடியிருக்காது.

கிரிக்கெட்டின் கதை இதைவிடச் சிக்கல். என்.எச்.எல். எண்கள் குறைந்தபட்சம் நேர்மையானவை என்று நம்பலாம். அந்த லீக் கண்டிப்பானது: பந்தயம் சம்பந்தமான நடத்தைக்காக ஒட்டாவா வீரர் ஷேன் பின்ரோவை 2023இல் 41 ஆட்டங்கள் இடைநிறுத்தினார்கள். நம் நாட்டில் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்க 2019இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பத்து வருடம் வரை சிறை. 2024 மே மாதம் லங்கா பிரீமியர் லீக் அணியொன்றின் உரிமையாளரும், அதே வருடம் டிசம்பரில் லங்கா ரி10 அணியொன்றின் உரிமையாளரும் இந்தச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். வழக்குகள் எப்படி முடிந்தாலும், அணி உரிமையாளர்மீதே இப்படிச் சந்தேகம் விழும் தொடரில் துடுப்பாட்டச் சராசரியைப் பார்த்துக் காசு கட்டுவதை என்னவென்பது?

அரசாங்கங்கள் தாமதமாக விழித்துக்கொள்கின்றன. தமிழ்நாடு, நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் போட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்திய நாடாளுமன்றம் 2025 ஓகஸ்டில் நாடு முழுவதும் தடைசெய்தது. அதே 2025இல் இலங்கை எடுத்த வழி வேறு: தடையல்ல, சூதாட்டத்தை மேற்பார்வை செய்ய ஓர் ஒழுங்குமுறை அதிகாரசபை. எந்த வழி சரி என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டில் பதிவான ஒரு தளம் வென்ற காசைத் தராமல் ஏமாற்றினால் திருகோணமலைப் பொலிசில் போய் என்ன முறைப்பாடு எழுதுவது என்று எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது. தம்பிக்கும் தெரியவில்லை. அவருடைய முகவரின் முழுப்பெயர்கூட அவருக்குத் தெரியாது.

வீட்டில் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டேன். "சங்கிலி அடைவில இருக்கிறது தெரியும். ஏன் எண்டு தெரியாது" என்றார். அவர் இலேசாகச் சிரித்தபோதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்கள் பிடித்தவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. அடுத்த பிளேஓஃபில் ஒரு சதமும் கட்டாமல் கொப்பியை மட்டும் எழுதுங்கள். ஆட்டத்துக்கு முன் இந்த அணி வெல்ல வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று உங்கள் கணக்கைக் குறியுங்கள். பக்கத்தில், ஆட்டம் தொடங்கும் நொடியில் தளம் காட்டும் கடைசி விலையையும் குறியுங்கள். ஜூன் மாதத்தில் இரண்டையும் முடிவுகளோடு ஒப்பிடுங்கள். கடைசி விலையைவிட உங்கள் கணக்கு நெருங்கியிருந்தால் நீங்கள் அபூர்வமான ஆள். உங்களுக்கு வேலை கொடுக்க அணிகளே இருக்கின்றன, பந்தயம் தேவையில்லை. நெருங்கவில்லையென்றால் ஆட்டத்தையும் பார்த்தாயிற்று, சங்கிலியும் கழுத்தில் இருக்கும்.

ஏற்கெனவே கைமீறிப் போனவர்களுக்குக் கொப்பி உதவாது. தோற்றதை மீட்கக் கட்டுவது, கடன் வாங்கிக் கட்டுவது, வீட்டுக்கு ஒளிப்பது என மூன்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்ல ஆளில்லையென்றால், இலங்கையில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். ஒன்ராறியோவில் இருக்கும் மச்சான்மாருக்கு 1-866-531-2600.